பேதுருவின் துப்பட்டி: சாப்பாட்டைப் பற்றியதா, ஆட்களைப் பற்றியதா?

நெல்லைக்காரன்:
பைபிளில் அப்போஸ்தலர் புத்தகத்தின் 10ஆம் அதிகாரத்தைக் காட்டி ‘யூதச் சட்டம் விலக்கிய பன்றி உட்பட, இனி எதையும் தின்னலாம்’ என்று பிரசங்கம் செய்கிறார்கள். யோப்பா என்ற ஊரில் இயேசுவின் சீடர் பேதுரு மத்தியானம் மாடிக்கு ஜெபிக்கப் போகிறார், நல்ல பசி. தரிசனத்தில், நாலு முனையும் கட்டிய துப்பட்டி வானத்திலிருந்து இறங்குகிறது. உள்ளே விலங்கு, ஊர்வன, பறவை. ‘அடித்துச் சாப்பிடு’ என்று மூன்று தடவை சத்தம். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை! அர்த்தத்தையும் 28ஆம் வசனத்தில் அவரே சொல்லிவிட்டார்: எந்த மனுஷனையும் தீட்டு என்று சொல்லக் கூடாது. பன்றி எங்கே வந்தது?

கடற்காகம்:
அதே புத்தகத்தில் 11:3 படியுங்கள் பிரதர். எருசலேமில் பேதுருவை மடக்கிக் கேட்டது ஞானஸ்நானம் பற்றி அல்ல. ‘விருத்தசேதனம் இல்லாதவர்களோடு’, அதாவது யூதர் அல்லாதவர்களோடு, ‘சாப்பிட்டீரே’ என்பதுதான் குற்றச்சாட்டு. தரிசனத்துக்குப் பின் பேதுரு போனது செசரியாவில் கொர்நேலியு வீட்டுக்கு; அவர் ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி. செசரியா ஏரோது கட்டிய ஊர், ரோம ஆளுநர் இருந்த இடம். அந்த வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தபின் ஆள் வேறு, சாப்பாடு வேறு என்று எப்படிப் பிரிப்பது?

நெல்லைக்காரன்:
கொர்நேலியு தேவபக்தி உள்ளவர், யூதர்களிடம் நல்ல பேர் எடுத்தவர். விருந்தாளிக்குப் பன்றியா வைத்திருப்பார்? என்ன பரிமாறினார்கள் என்று இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா எழுதவே இல்லை.

ஓலைச்சுவடி:
பேதுரு தங்கியிருந்தது யார் வீட்டில்? தோல் பதனிடும் சீமோன் வீட்டில், கடலோரம். செத்த மிருகத்தின் தோல், நாற்றம். கி.பி. 200 வாக்கில் தொகுத்த யூதச் சட்ட நூலான மிஷ்னா, தோல் பதனிடும் இடம் ஊருக்கு 50 முழம் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. ஊர் ஒதுக்கிய தொழில்காரர் வீட்டு மாடியில்தான் இந்தத் தரிசனம். லூக்கா அந்த முகவரியைச் சும்மா எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. அப்புறம், சாப்பாட்டுச் சட்டம் 10ஆம் அதிகாரத்திலேயே முடிந்திருந்தால், 15ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூடிய சபைத் தலைவர்கள் யூதர் அல்லாத விசுவாசிகளுக்கு இரத்தமும் நெரிக்கப்பட்டுச் செத்ததும் கூடாது என்று ஏன் தீர்மானம் போடுகிறார்கள்?

கடற்காகம்:
ஒரே பந்தியில் உட்கார வேண்டுமே, அதற்குத்தான். அந்தியோகியா ஊரில் எருசலேமிலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும், யூதர் அல்லாதவரோடு இருந்த பந்தியை விட்டுப் பேதுரு விலகினார், அப்போஸ்தலன் பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார் (கலாத்தியர் 2). சண்டையே பந்தியில்தான். அந்த எருசலேம் தீர்மானத்தில் பன்றிக்குத் தடை உண்டா, பாருங்கள்.

நெல்லைக்காரன்:
அந்தத் தீர்மானம் யூதர் அல்லாத புறஜாதியாருக்குப் போன கடிதம். யூதரான பேதுருவுக்கு, சாப்பாட்டுச் சட்டம் உள்ள லேவியராகமம் 11 ரத்து என்று அதில் எந்த வரி சொல்கிறது? காட்டுங்கள், பேசலாம்.