பின்கட்டில் தானாக முளைத்தவை

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கதவு திறக்கும். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து திறந்தால் பின்கட்டு முழுக்க இடுப்பளவு செடி நிற்கும், ஒன்றுகூட யாரும் விதைத்ததில்லை. சுத்தம் செய்கிறவர்கள் அரிவாளோடு இறங்குவதற்குள் நான் ஒரு சுற்று பார்த்துவிடுவேன். அப்பத்தா ஒவ்வொரு செடிக்கும் ஒரு கதை சொல்வார், அந்தச் செடியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கும்.

குப்பைமேனியை அவர் பூனைவணங்கி என்பார். வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து கும்பிடுமாம். போன படைப்பின்போது அதைக் கண்ணால் பார்த்தேன். பிடுங்கிப் போட்ட குவியலுக்கு எங்கிருந்தோ ஒரு பூனை வந்து வேரை மோந்து, முகத்தைத் தேய்த்து, அதன்மேலேயே புரண்டது, விரட்டியும் போகவில்லை. அந்த வேர் பூனைகளை இழுக்கும் என்பது உண்மைதான். பூனை கிடைக்காவிட்டால் செடியை மேலிருந்து பாருங்கள்: கீழ் இலைக்கு நீளக் காம்பு, மேல் இலைக்குக் குட்டைக் காம்பு, ஒன்று இன்னொன்றின் வெயிலை மறைக்காது. இலையோரம் ரம்பப்பல்லாக இருக்கும்.

கீழாநெல்லியில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். "இலையைத் திருப்பிப் பாரு தம்பி, முதுகுல பிள்ளையைச் சுமக்கிறவ அவ" என்பார் அப்பத்தா. சரி, ஆனால் இலைக்கடியில் காய் இருந்தால் மட்டும் போதாது, தண்டு சிவந்த இன்னொரு இனமும் அப்படித்தான் காய்க்கும். அதன் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருக்கும். கீழாநெல்லியின் காய் வழவழப்பு, சின்னக் காம்பில் தொங்கும். இரண்டும் ஒரே இடத்தில் கலந்து முளைப்பதால் பறிக்கும்போதே பிரித்துவிட வேண்டும். அப்புறம், காமாலை என்றதும் இதை அரைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும், முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

ஊமத்தையை நான் விட்டுவைப்பதில்லை. முள்ளுருண்டைக் காயைப் பார்த்தால் சென்னையிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும், விதை உள்ளே போனால் பிதற்றலில் ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தனைக்கும் எருக்கு, நாயுருவி, அரசு இவற்றோடு ஊமத்தையும் பிள்ளையாருக்குச் சாத்தும் 21 பத்திரங்களில், அதாவது இலைகளில், ஒன்று.

அரசுதான் எங்களைப் படுத்தியது. மைனாவும் குயிலும் பழத்தைத் தின்று எச்சமிட்ட விதை, மச்சுச் சுவரின் வெடிப்பில் கன்றாகி நின்றது. வால் நீண்ட இலை, தளிர் செம்பு நிறம், சந்தேகமே இல்லை. கொத்தனார் "அரசுல நான் அருவா வைக்கமாட்டேண்ணே" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். அடுத்த வீட்டு ஆச்சிதான் வழி சொன்னார்: பால் ஊற்றிக் கும்பிட்டு, உயிரோடு எடுத்து, ஊருணிக்கரையில் பிள்ளையார் பக்கத்தில் நட்டுவிடுங்கள். அதற்குக் கொத்தனார் சம்மதித்தார். கன்று பிழைக்க வேண்டுமே என்று சுற்றியிருந்த சுண்ணாம்புக் காரையைப் பொறுமையாகக் கொத்தி, முழு வேரையும் எடுத்துவிட்டார். சுவருக்குத் தேவைப்பட்டதும் அதேதான். தலையை மட்டும் வெட்டியிருந்தால் உள்ளே இருக்கும் வேர் மறுபடி துளிர்த்துப் பருத்துச் சுவரையே பிளந்திருக்கும். இந்தச் சாங்கியத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கத் துடிப்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

எருக்கு விஷயம் இன்னும் முடியவில்லை. "உன் வீட்டுல எருக்கு முளைக்க" என்று எங்கள் ஊர்ச் சண்டையில் மண்ணை வாரித் தூற்றுவார்கள், கேட்டாலே வயிறு கலங்கும். பஞ்சு கட்டிய விதை காற்றில் எல்லா வீட்டுக்கும்தான் போகிறது, தினம் கூட்டிப் பெருக்கும் வாசலில் அது வேர் பிடிக்காது. ஆள் இல்லாத வீடு என்பதற்கு அடையாளம் அது, எங்கள் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நினைத்தால் அந்தச் சாபம் எதைப் பார்த்துப் பிறந்தது என்று புரியும். வெள்ளெருக்குக்கு மட்டும் கதை தலைகீழ், அதன் வேரில் பிள்ளையார் இருக்கிறார், தானாக முளைத்தால் யோகம்.

இப்போது கிணற்றடியில் ஒன்று முழங்கால் உயரம் நிற்கிறது. பெரியப்பா வெள்ளெருக்கு என்று சாதிக்கிறார், சித்தப்பா உடனே பிடுங்கச் சொல்கிறார். இலையில் மாவு பூசியிருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது, ஊதா எருக்குக்கும் அந்த மாவு உண்டு. பூ வந்தால்தான் நிறம் தெரியும். அதுவரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால் பிள்ளைகள் அண்டாதபடி சுற்றிலும் முள் வைத்து அடைத்திருக்கிறோம்.