வேப்ப எண்ணெய் நானோ எமல்ஷன்: மிக்ஸியில் அடித்தால் வருமா, மெஷின் வாங்கணுமா?

எண்ணெய்ச்செக்கு:

வணக்கம். எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேப்பங்கொட்டையைச் சூடேற்றாமல் ஆட்டி எண்ணெய் கொடுக்கிறோம். உறுப்பினர்கள் லிட்டருக்கு 30 மி.லி. எண்ணெய், காதி சோப் கரைத்து, கத்தரி வெண்டைக்கு அடிக்கிறார்கள். குறைகள் நான்கு. டேங்கில் பாதி காலியாவதற்குள் எண்ணெய் மேலே மிதக்கிறது. நாசில் அடைக்கிறது. வெயில் ஏறினால் இலை ஓரம் கருகுகிறது. பலனும் மூன்று நான்கு நாளைக்கு மேல் நிற்பதில்லை.

நானோ எமல்ஷனாக்கினால், அதாவது எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் கலந்தால், இதெல்லாம் தீரும், எண்ணெயும் ஆறில் ஒரு பங்கு போதும் என்கிறார்கள். ஒரு பங்கு எண்ணெய்க்கு மூன்று பங்கு ட்வீன் (எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வைக்கும் எமல்சிஃபையர்), மிச்சம் தண்ணீர் என்று ஒரு கணக்கும் கிடைத்தது. என் கேள்விகள்: (1) இதை மிக்ஸியிலோ அல்ட்ராசோனிக் தொட்டியிலோ செய்ய முடியுமா? (2) துளி சிறிதானால் வெயிலில் மருந்து கெடாமல் இருக்குமா? (3) பாட்டிலில் அடைத்து "நானோ" என்று விற்கலாமா?

கரைசல்காரன்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

மிக்ஸியில் கிடைப்பது பல மைக்ரான் துளி. சோப்புக் கரைசலை விடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நானோ எமல்ஷன் என்று கட்டுரைகள் சொல்வது பெரும்பாலும் 20 முதல் 200 நானோமீட்டர் வரை (1 மைக்ரான் = 1000 நானோமீட்டர்). நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியும் உதவாது, அதில் சக்தி தொட்டி முழுக்கப் பரவிவிடும். ஆய்வகத்தில் பயன்படுவது எமல்ஷனுக்குள்ளேயே முனையை இறக்கும் புரோப் வகை. அதில் ஒரு தடவைக்கு 100, 200 மி.லி. செய்யலாம், பீப்பாய்க் கணக்கில் செய்ய முடியாது.

அந்த 1:3 கணக்கு பெரும்பாலும் 2012-ல் வெளியான வேலூர் ஆய்வின் வழி வந்தது. எண்ணெய் ஒரு பங்கு, ட்வீன்-20 மூன்று பங்கு, துளி 31 நானோமீட்டர். ஆனால் அது கொசுப்புழுவுக்கு, தேங்கிய தண்ணீரில் கலப்பதற்குச் செய்தது. வயலுக்குப் போட்டுப் பாருங்கள்: ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பில் எண்ணெய் 0.5% என்றால் 1 லிட்டர் எண்ணெய், அதோடு 3 லிட்டர் ட்வீன். தெளிப்பு நீரில் ட்வீன் மட்டும் 1.5%. இலையின் மெழுகுப் பூச்சு அதைத் தாங்காது. சோப்பால் கருகியது போய் ட்வீனால் கருகும், செலவும் எண்ணெயை விட ட்வீனுக்கே அதிகமாகும்.

நிஜமான நானோ வேண்டுமென்றால் ஹை பிரஷர் ஹோமோஜெனைசர்தான் (கலவையை மிக அதிக அழுத்தத்தில் நுண்ணிய இடுக்கு வழியாகத் தள்ளும் மெஷின்) வழி. முதலில் ரோட்டார்-ஸ்டேட்டர் என்ற அதிவேகக் கலக்கியில் பால் போல அடித்து, பிறகு 800-1000 பார் அழுத்தத்தில் நான்கைந்து முறை ஓட்டணும். எமல்சிஃபையர் எண்ணெயில் பாதி அளவு இருந்தாலே போதும். இதில் எல்லோரும் தவறவிடுவது சூடு. 100 பாருக்கு ஏறக்குறைய 2.5 டிகிரி ஏறும், 1000 பாரில் ஒரு ஓட்டத்துக்கே 25 டிகிரி. நடுவில் குளிர்விக்காமல் அடுத்தடுத்து ஓட்டினால் துளி அழகாக வரும், வேம்பின் மருந்துச் சத்தான அசாடிராக்டின் போயிருக்கும். மெஷின் விலையோ பல லட்சம்.

ஆனால் மெஷின் வாங்கும் முன் இன்னொன்றை யோசிக்கணும். நானோ எமல்ஷனில் பெரும்பகுதி தண்ணீர். அசாடிராக்டின் தண்ணீரில் மெல்ல மெல்லச் சிதையும். அதனால்தான் கடையில் விற்கும் வேம்பு மருந்துகள் பெரும்பாலும் தண்ணீர் சேராத ஈ.சி. (தண்ணீரில் ஊற்றினால் பால் போல் கலக்கும் அடர் மருந்து) வகையாக இருக்கின்றன. தண்ணீர் கலந்த எமல்ஷனை ஆறு மாதம் அலமாரியில் வைத்தால், துளி அளவு மாறாமல் இருக்கலாம், மருந்து இருக்காது. பூஞ்சையும் வரும். உடனே செய்து ஒரு வாரத்துக்குள் அடிப்பதானால் சரி.

உங்களுக்கு ஏற்றது தண்ணீரே இல்லாத, டேங்கில் ஊற்றியதும் தானாகப் பிரிந்து கலக்கும் கலவை. எண்ணெயை இரண்டு வாரம் தெளிய விட்டு, கசடு போக வடிகட்டுங்கள். நாசில் அடைப்பில் பாதி இந்தக் கசடால் வருவது. எடையில் எண்ணெய் 75, எமல்சிஃபையர் 25. எண்ணெயை 40 டிகிரிக்குக் கொண்டுபோய் (45-ஐத் தாண்ட வேண்டாம்) எமல்சிஃபையரைச் சேர்த்து, நுரைக்காமல் அரை மணி நேரம் மெதுவாகக் கிளறுங்கள்.

எமல்சிஃபையர் கலவைக்கு எச்.எல்.பி. (தண்ணீரோடு ஒட்டுமா, எண்ணெயோடு ஒட்டுமா என்று காட்டும் எண்; கூடினால் தண்ணீர்ப் பக்கம்) கணக்கு: ட்வீன்-80 மதிப்பு 15, ஸ்பான்-80 மதிப்பு 4.3. வேப்ப எண்ணெய்க்கு 12 சுற்றி வரும், ஆனால் கொட்டைக்குக் கொட்டை மாறும். எனவே 10, 11, 12, 13, 14 என்று ஐந்து சின்ன பாட்டில் போடுங்கள். எமல்சிஃபையரில் ட்வீனின் பங்கு முறையே 53, 63, 72, 81, 91 சதவீதம், மீதி ஸ்பான். ட்வீன் அதிகமான பாட்டில்களில் அடியில் தனியாகப் படிந்தால் அது எண்ணெயோடு ஒட்டவில்லை என்று அர்த்தம். அப்போது தொழிற்சாலைகள் செய்வது போல ஆமணக்கு எண்ணெய் எத்தாக்சிலேட்டும் கால்சியம் டோடெசைல்பென்சீன் சல்ஃபோனேட்டும் சேர்ந்த எமல்சிஃபையர் ஜோடிக்கு மாறுங்கள்.

சோதனை: 100 மி.லி. அளவு ஜாடியில் 95 மி.லி. தண்ணீர், மேலே 5 மி.லி. கலவை. உங்கள் ஊர் போர் தண்ணீரிலேயே செய்யுங்கள், மினரல் வாட்டரில் வேண்டாம். ஊற்றியதும் புகை போல் விரிந்து இறங்கணும். முத்து முத்தாக உருண்டு கலக்காமல் மேலே மிதந்தால் அந்த விகிதம் தேறவில்லை. மூடியைப் போட்டுத் தலைகீழாகப் பத்து முறை திருப்பி, அரை மணி, இரண்டு மணி, 24 மணி நேரத்தில் பாருங்கள். இரண்டு மணியில் மேலே ஏடு 2 மி.லி.யைத் தாண்டக்கூடாது.

துளி அளவைக் கண்ணாலேயே ஓரளவு சொல்லிவிடலாம். கெட்டியான பால் வெள்ளை என்றால் 1 மைக்ரானுக்கு மேல். வெள்ளையில் நீலம் ஓடினால் 0.1 முதல் 1 மைக்ரான். சாம்பல் நிறமாக அரைகுறையாய் ஊடுருவித் தெரிந்தால் 100 நானோமீட்டருக்குக் கீழ். உங்களுக்கு நீலம் ஓடினாலே போதும். அடைப்பும் பிரிதலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

புழுநோக்கி:

இரண்டாவது கேள்விக்கு நேரடியான பதில்: இல்லை. துளியைச் சிறிதாக்குவதால் வெயிலிலிருந்து பாதுகாப்பு வராது. சொல்லப்போனால் எதிர்மாறாகவும் ஆகலாம். அதே எண்ணெய், ஆயிரம் மடங்கு கூடுதல் துளி, மேற்பரப்பு அதற்கேற்ப அதிகம், புற ஊதாக் கதிருக்கு எல்லாப் பக்கமும் திறந்த கதவு. காப்பாற்ற வேண்டுமென்றால் மருந்தை எதற்குள்ளாவது பொதிய வேண்டும், அல்லது கதிரை உறிஞ்சும் பொருள் கூடவே இருக்க வேண்டும். பிரேசிலில் ஜீன் (zein) என்ற மக்காச்சோளப் புரதத் துகளுக்குள் வேப்ப எண்ணெயை அடைத்தது முதல் வகை. லிக்னோசல்ஃபோனேட் சேர்ப்பது இரண்டாம் வகை. சன்ஸ்கிரீனில் இருக்கிறதே என்று டைட்டானியம் டையாக்சைடு நானோ பொடியைச் சேர்க்கச் சிலர் சொல்வார்கள். பூச்சு இல்லாத அந்தப் பொடி வெயிலில் ஒளி வினையூக்கியாக வேலை செய்து, எதைக் காக்கச் சேர்த்தோமோ அதையே சிதைக்கும்.

செலவில்லாத வழி மாலை நான்கு மணிக்கு மேல் அடிப்பது, அதுவும் இலையின் அடிப்பக்கம். வெள்ளை ஈயும் அசுவினியும் இருப்பது அங்கேதான், வெயிலும் அங்கே குறைவு.

அடைப்புக்கும் பலன் குறைவுக்கும் பொதுவான ஒரு காரணம் தண்ணீர். நம் போர் தண்ணீர் பல இடங்களில் பி.எச். 8-ஐத் தாண்டும், உப்பும் கடினத்தன்மையும் அதிகம். அசாடிராக்டின் நிலைத்திருப்பது பி.எச். 4 முதல் 6 வரை, காரத்தில் சீக்கிரம் உடையும். காதி சோப் கடின நீரில் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துபோகும், நாசிலை அடைக்கும் வெள்ளைப் பிசுக்கு அதுதான். சரி, எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ போட்டு பி.எச். குறைக்கலாம் என்றால் சோப் கொழுப்பு அமிலமாக மாறி எமல்ஷன் அப்படியே உடையும். சோப் இருக்கும்வரை தண்ணீரைச் சரிசெய்ய முடியாது. கரைசல்காரன் சொன்ன ட்வீன், ஸ்பான் வகைக்கு அமிலத்தால் கெடுதல் இல்லை. முதலில் டேங்க் தண்ணீரை சிட்ரிக் அமிலத்தால் பி.எச். 5.5-6க்குக் கொண்டுவந்து (தாள் பட்டையால் பாருங்கள், அளவு ஊருக்கு ஊர் மாறும்), அதன் பிறகு கலவையை ஊற்றுங்கள்.

எண்ணெய் ஆறில் ஒரு பங்கு போதும் என்பதை அப்படியே நம்ப வேண்டாம். வேப்ப எண்ணெய் இரண்டு விதமாக வேலை செய்கிறது. அசாடிராக்டின் புழு தின்பதைத் தடுக்கும், தோலுரிப்பைக் குலைக்கும். இதற்கு இலை முழுக்கச் சீராகப் பரவினால் குறைந்த அளவே போதும், நானோவுக்கு இங்கே பலன் உண்டு. ஆனால் அசுவினி, வெள்ளை ஈக் குஞ்சு போன்றவற்றை எண்ணெய்ப் படலம் மூச்சடைத்துக் கொல்வது இரண்டாவது விதம். அதற்கு எண்ணெயின் அளவுதான் கணக்கு. துளி எவ்வளவு சிறிதானாலும் இல்லாத எண்ணெய் மூச்சை அடைக்காது. எமல்சிஃபையர் கூடிப்போனால் நீர் இலையில் நிற்காமல் வழிந்து மண்ணுக்குப் போவதும் உண்டு. நுனியிலிருந்து சொட்ட ஆரம்பித்தால் தெளிப்பு நீரைக் குறையுங்கள்.

ஆய்வுகள் சொல்லும் ஆதாயமும் அளவானதுதான். 2022-ல் நேச்சர் நானோடெக்னாலஜி இதழில் வந்த தொகுப்பாய்வில், நானோ பூச்சிக்கொல்லிகளின் செயல்திறன் சாதாரண வடிவங்களை விடச் சராசரியாக 31.5% கூடுதல். வயல் சோதனைகளை மட்டும் எடுத்தால் 18.9%. இலக்கல்லாத உயிர்களுக்கான நச்சு 43.1% குறைவு, என் பார்வையில் அதுதான் பெரிய செய்தி. ஆறு மடங்கு என்ற பேச்சு எதுவும் அதில் இல்லை.

நீங்களே சோதிப்பதானால் ஐந்து பாத்தி வேண்டும்: வெறும் தண்ணீர், எமல்சிஃபையர் மட்டும், பழைய 3% சோப்புக் கரைசல், புதிய கலவை 0.5% எண்ணெயில், புதிய கலவை 1% எண்ணெயில். ஒவ்வொன்றும் நான்கு இடத்தில் கலைத்துப் போடணும். இரண்டாவது பாத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அசுவினியை எமல்சிஃபையர் மட்டுமே கணிசமாகக் கொல்லும், அந்தப் பெருமை நானோவுக்குப் போய்விடும். மறுநாள் போய் எண்ணிவிட்டு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், அசாடிராக்டினுக்கு மூன்றிலிருந்து ஏழு நாள் கொடுக்க வேண்டும். சிறு புழுவில்தான் பிடிக்கும், வளர்ந்த காய்ப்புழுவில் எதிர்பார்க்காதீர்கள். கந்தகம் அடித்த பயிரில் இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் அடித்தால் எந்த வடிவமானாலும் கருகும்.

லேபிள்_வாசி:

மூன்றாவது கேள்வி. சொந்த நிலத்தில், தாமே செய்து அடிப்பதற்குத் தடையில்லை. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, பிரிவு 38 தன் சாகுபடி நிலத்தில் பயன்படுத்துவோருக்கு விலக்கு தருகிறது. பூச்சிக்கு என்று சொல்லி பாட்டிலில் அடைத்து விற்றால் கதை வேறு. மத்திய பூச்சிக்கொல்லி வாரியப் பதிவுக் குழுவில் பிரிவு 9-ன் கீழ் பதிவு, மாநிலத்தில் உற்பத்தி உரிமம், இரண்டும் வேண்டும். 300 பி.பி.எம்., 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு அசாடிராக்டின்) வேம்பு மருந்துகள் ஏற்கெனவே பதிவில் இருக்கின்றன, ஆனால் வடிவம் மாறினால் அந்தப் பதிவு உங்களுக்குப் பொருந்தாது. நானோ என்று உரிமை கோரினால், 2020-ல் உயிரித்தொழில்நுட்பத் துறை வெளியிட்ட நானோ வேளாண் இடுபொருள் மதிப்பீட்டு வழிகாட்டியின்படி துகள் அளவு, நிலைத்தன்மை, நச்சியல் விவரங்களும் கேட்பார்கள். நானோ யூரியா கடையில் கிடைக்கிறதே என்று ஒப்பிடாதீர்கள், அது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்தது.

சேமிப்புச் சோதனைக்கு வழக்கமான 54 டிகிரி, 14 நாளில் வேம்பு தேறுவது கடினம். அதற்கு மாற்றாக 40 டிகிரியில் 8 வாரம் வைக்கும் முறை இருக்கிறது. முன்னும் பின்னும் அசாடிராக்டினை எச்.பி.எல்.சி. என்ற ஆய்வகக் கருவியில் அளக்கணும்.

பாதுகாப்பு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நானோ எமல்ஷன் அடித்தால் நானோ துளி காற்றில் பறக்கும் என்ற பயம் தேவையில்லை. நாசில் விடும் நீர்த்துளி எப்படியும் 100 மைக்ரானுக்கு மேல்தான் பெரும்பாலும், அதற்குள்தான் எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றன. ஆபத்து இருப்பது கலக்கும் இடத்தில். அடர் கலவை தோலில் நன்றாக ஊடுருவும், எனவே நைட்ரைல் கையுறை, கண்ணாடி. பொதித்தாலே பாதுகாப்பு என்பதும் தவறு. 1970-களில் அமெரிக்காவில் மீத்தைல் பாரத்தியானை மைக்ரோ கேப்சூலில் அடைத்தார்கள். தெளிப்பவர்களுக்கு ஆபத்து குறைந்தது, ஆனால் கேப்சூல் மகரந்த அளவில் இருந்ததால் தேனீக்கள் அதைச் சேகரித்துக் கூட்டுக்குள் கொண்டுபோய்ச் செத்தன.

எண்ணெய்ச்செக்கு:

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு: இதே கலவையை டிரோனில் ஏக்கருக்கு 10 லிட்டரில் அடிக்கலாமா? வெள்ளி நானோ கரைசலைச் சேர்த்தால் பூஞ்சைக்கும் ஆகும் என்று ஒருவர் விற்க வருகிறார், வாங்கலாமா?

கரைசல்காரன்:

டிரோனுக்கு வேண்டாம். 1 லிட்டர் எண்ணெய் என்றால் 1.33 லிட்டர் கலவை, அதில் எமல்சிஃபையர் 330 மி.லி. 200 லிட்டரில் அது 0.17%. அதையே 10 லிட்டரில் கரைத்தால் எமல்சிஃபையர் 3.3%, எண்ணெய் 10%. விழும் ஒவ்வொரு துளியும் இலையில் புள்ளி வைக்கும். டிரோன் துளி இலையின் அடிப்பக்கம் போவதும் குறைவு, வெள்ளை ஈக்கு அதனாலும் பயனில்லை.

வெள்ளி வாங்காதீர்கள். அது சிதையாத உலோகம், மண்ணில் நுண்ணுயிருக்கு நல்லது கெட்டது பார்க்காது. வேப்ப எண்ணெய் போடுவதன் அர்த்தமே அங்கே போய்விடும். கரைசலில் உப்பு நீர் பட்டால் வெள்ளித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் தங்கும், நம் போர் தண்ணீரில் அதற்கு அதிக நேரம் ஆகாது.

துளி அளவைக் கருவியில் பார்க்கணும் என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நானோ தொழில்நுட்பப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். மாதிரியை 100 முதல் 1000 மடங்கு நீர்த்துத்தான் அளக்கணும். சராசரி அளவோடு பி.டி.ஐ. (துளிகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று காட்டும் எண்) மதிப்பையும் வாங்குங்கள், 0.3-க்குக் கீழ் இருந்தால் நல்லது. ஜீட்டா மதிப்பு (துளி மேலுள்ள மின்னூட்டத்தின் அளவு, மில்லிவோல்ட்டில்) 30-க்குக் கீழே வந்தால் பதறவேண்டாம், ட்வீன் வகை துளிகளைப் பிரித்து வைப்பது மின்னூட்டத்தால் அல்ல. இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று என்று அதே பாட்டிலிலிருந்து இரண்டு மாதிரி கொடுங்கள்.