புதுப்பிப்பு: பூங்கா வந்ததோ இல்லையோ, பூட்டு வந்துவிட்டது

போன மழைக்கு முன்னால் புலம்பியதன் தொடர்ச்சி இது. சோழிங்கநல்லூரில் எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடம் புதர் மண்டிக் கிடக்கிறது, பாதாளச் சாக்கடையும் இல்லை என்று எழுதியிருந்தேன்.

'அது பில்டர் இடம்தானே?' என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் போட்டு உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். எங்கள் ஊர் பேரூராட்சியாக இருந்த காலத்திலேயே அந்தப் பத்திரம் பதிவாகியிருக்கிறது! 2011-இல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து, நாங்களும் நகரத்துக்காரர்கள் ஆனோம். அந்தக் கைமாற்றத்தில் கோப்பு எங்கே போனது என்று கேட்டால், ஒவ்வொரு மேசையும் பக்கத்து மேசையைக் காட்டுகிறது.

பத்திர நகலை இணைத்து மனு கொடுத்த பிறகு ஜேசிபி வந்தது. சீமைக்கருவேலம் போய், சுற்றுச்சுவர் எழும்பி, பச்சைப் பெயின்ட் அடித்த கேட்டும் மாட்டியாகிவிட்டது. உள்ளே ஒரு சிமென்ட் பெஞ்சு. கேட்டில் பெரிய பூட்டு. திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்கவில்லையாம். பையன்கள் சுவர் ஏறிக் குதித்து கிரிக்கெட் ஆடுகிறார்கள், பந்து பொறுக்க மட்டும் பெஞ்சுக்கு அடியில் போகிறார்கள்.

சாக்கடை? தெருமுனையில் குழாய்களை இறக்கி அடுக்கியிருக்கிறார்கள். இப்போதைக்கு அதில் நாய் குட்டி போட்டிருக்கிறது. கழிவுநீர் லாரிக்கு இந்த மாதமும் பணம் கட்டியாகிவிட்டது.