அமெரிக்காவில் கஞ்சா குறித்த மக்கள் கருத்து: 12 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்திற்குச் சென்றது எப்படி?

ஆற்றங்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது பற்றிய மக்கள் கருத்து எவ்வாறு மாறிவந்திருக்கிறது என்பதைச் சில காலமாகப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்கக் கேள்விகளே பெருகுவதால், இத்துறையில் பழக்கமுள்ளவர்களிடம் விளக்கம் வேண்டுகிறேன்.

கேலப் நிறுவனம் 1969ஆம் ஆண்டு முதன்முறையாக இது குறித்துக் கருத்துக்கணிப்பு நடத்தியபோது, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாம் என்றவர்கள் 12 சதவீதத்தினர் மட்டுமே. 2023இல் ஆம் என்றவர்கள் 70 சதவீதத்தினர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாதை ஒரே சீராக ஏறியதன்று. 1977இல் 28 வரை உயர்ந்த ஆதரவு 1985இல் 23ஆக இறங்கியது. 2000ஆம் ஆண்டில்தான் 31ஐத் தொட்டது. அதன்பின் 2011இல் 50, 2013இல் 58 என்று விரைந்து ஏறியது. கருக்கலைப்பு போன்ற விவகாரங்களில் அந்நாட்டு மக்களின் நிலைப்பாடு பல பத்தாண்டுகளாகப் பெரிதாக நகராதிருக்க, இது மட்டும் இவ்வளவு தொலைவு நகர்ந்தது ஏன் என்பது எனக்குப் புரியவில்லை.

பழைய தலைமுறை மறைந்து புதிய தலைமுறை வந்ததே காரணம் என்ற விளக்கத்தைப் பல இடங்களில் காண்கிறேன். அது மட்டும் போதுமானதா? அதைவிட முக்கியமாக, மக்கள் மனம் மாறியது கஞ்சாவைப் பற்றியா, அல்லது கஞ்சா வைத்திருப்பவரைத் தண்டிக்கும் சட்டத்தைப் பற்றியா? சான்றுகளோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

புள்ளியியல் மாணவி:

தலைமுறை மாற்றம் ஒரு காரணம்தான். ஆனால் அதனால் மட்டும் இந்த ஏற்றத்தை விளக்க முடியாது. இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 2000ஆம் ஆண்டுக்கும் 2013ஆம் ஆண்டுக்கும் இடையில் இறந்துபோன வயதுவந்தோர் அனைவரும் எதிர்ப்பாளர்கள் என்றும், புதிதாகப் பதினெட்டு வயதை எட்டியவர்கள் ஒருவர் விடாமல் ஆதரவாளர்கள் என்றும் வைத்துக்கொண்டாலும், 31ஆக இருந்த ஆதரவு ஏறத்தாழ 50ஐத்தான் எட்டும். நடைமுறையில் இரண்டு பிரிவினரும் அப்படி ஒருமனதாக இருந்ததில்லை. ஆகவே, அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் உயிரோடிருந்த மனிதர்களே பெருந்தொகையில் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்ற முடிவைத் தவிர்க்க இயலாது.

இதற்கு மிகத் தெளிவான சான்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த 'பேபி பூமர்' தலைமுறை. பியூ ஆய்வு மையம் 2013இல் தொகுத்தளித்த தரவுகளின்படி, இத்தலைமுறையில் 1978ஆம் ஆண்டு 47 சதவீதத்தினர் சட்டபூர்வமாக்கலை ஆதரித்தனர்; 1990இல் அது 17ஆக வீழ்ந்தது; 2013இல் மீண்டும் 50ஐ எட்டியது. இளமையில் ஆதரித்து, தங்கள் வீட்டில் பிள்ளைகள் வளரும் காலத்தில் எதிர்த்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பின் மறுபடியும் ஆதரித்த தலைமுறை அது. கருத்து என்பது பிறந்த ஆண்டோடு ஒட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் இப்படிக் கீழே இறங்கி மேலே ஏறியிருக்காது.

எண்பதுகளின் அரசியல் சூழலையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'வேண்டாம் என்று சொல்' என்ற, அன்றைய அதிபர் ரேகனின் மனைவி நான்சி ரேகனின் பரப்புரையும், போதைப்பொருள் குற்றங்களுக்குக் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகளை விதித்த 1986ஆம் ஆண்டுச் சட்டமும் அக்காலத்தவை. பெற்றோராக இருந்த அச்சமும் அரசின் குரலும் ஒரே திசையில் இழுத்தபோது ஆதரவு சரிந்தது என்பதே என் புரிதல். கட்சி வேறுபாடும் தடையாக நிற்கவில்லை. 2017ஆம் ஆண்டுக் கேலப் கணிப்பில் குடியரசுக் கட்சியினரிலும் முதன்முறையாகப் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 51 சதவீதத்தினர், ஆதரவு தெரிவித்தனர்.

மருதம்:

மேலுள்ள விளக்கம் யார் மாறினார்கள் என்பதைச் சொல்கிறது. ஏன் மாறினார்கள் என்பதற்கு நாம் சான் பிரான்சிஸ்கோவுக்குச் செல்ல வேண்டும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் அந்நகரில் எய்ட்ஸ் நோயாளிகள் உடல் மெலிந்து, உணவைக் கண்டாலே குமட்டி, வலியோடு இறந்துகொண்டிருந்தார்கள். கஞ்சா அவர்களுக்குப் பசியைத் தந்தது, குமட்டலைத் தணித்தது. மேரி ஜேன் ராத்பன் என்ற முதியவர் கஞ்சா கலந்த பிரவுனிகளைச் சுட்டு நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்து, அதற்காகக் கைதும் ஆனார். தம் துணைவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த டென்னிஸ் பெரோன் முன்னின்று உழைத்ததன் விளைவாக, 1996இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள், மருத்துவத்துக்காகக் கஞ்சாவை அனுமதிக்கும் முன்மொழிவு 215ஐ ஏறத்தாழ 56 சதவீத வாக்குகளுடன் நிறைவேற்றினார்கள். பொதுவான சட்டபூர்வமாக்கலுக்கு அதற்கு முந்தைய ஆண்டு நாடு தழுவிய அளவில் கேலப் கண்ட ஆதரவு 25 சதவீதம்தான் என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். கஞ்சாவை ஏற்காத பெருந்தொகையானோர், நோயாளியை ஏற்றுக்கொண்டார்கள். அதுவரை கஞ்சா என்றவுடன் மக்கள் மனத்தில் எழுந்த உருவம் ஒரு நாடோடி இளைஞனுடையது. அதன்பின் அந்த இடத்தில் ஒரு நோயாளி வந்து அமர்ந்தார். சட்டங்களைவிட இந்த உருவ மாற்றமே பெரிய மாற்றம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

பின்னாளில் இதே நிகழ்வு தொலைக்காட்சி வழியாகவும் நடந்தது. முன்பு சட்டபூர்வமாக்கலை எதிர்த்து எழுதியிருந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சஞ்சய் குப்தா, 2013 ஆகஸ்டில் சிஎன்என் ஒளிபரப்பிய ஆவணப்படத்தில் தம் நிலைப்பாடு மாறிவிட்டதை வெளிப்படையாக அறிவித்தார். கடுமையான வலிப்பு நோயால் அவதியுற்ற சார்லட் ஃபிகி என்ற சிறுமி, கஞ்சாவிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயால் தேறியதை அதில் கண்ட பெற்றோர்கள் பலர், அந்த எண்ணெய்க்காகக் கொலராடோவுக்கே குடிபெயர்ந்தனர். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: தேசிய அளவில் ஆதரவு 50ஐத் தொட்டது 2011இல், அதாவது இந்த ஒளிபரப்புக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே. ஊடகம் மாற்றத்தை விரைவுபடுத்தியிருக்கலாம், தொடங்கிவைக்கவில்லை.

மருத்துவச் சான்று இதில் எவ்வளவு பங்கு வகித்தது என்று கேட்டால், மக்கள் கருத்து சான்றுக்காகக் காத்திருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் விரிவான அறிக்கை 2017இல்தான் வந்தது. பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோதெரபியால் வரும் குமட்டல், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குக் கஞ்சா அல்லது அதன் வேதிப்பொருள்கள் பயன்படுவதற்கு நல்ல சான்று உண்டு என்று கூறிய அதே அறிக்கை, வேறு பல நோய்களுக்கான சான்று போதாது என்றும், அதிகப் பயன்பாட்டுக்கும் மனச்சிதைவு போன்ற நோய்களுக்கும் தொடர்பு உண்டு என்றும் கூறியது. முதல் பாதி செய்தியாகப் பரவிய அளவுக்கு இரண்டாம் பாதி பரவவில்லை. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

சமன்கோல்:

ஆற்றங்கரை அவர்களின் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் கூறுகிறேன். பெரும்பகுதி மாறியது சட்டத்தைப் பற்றிய மனநிலைதான்.

1970ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் கஞ்சாவை ஹெராயினுடன் சேர்த்து, மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்ட முதல் அட்டவணையில் வைத்தது. அது சரிதானா என்பதை ஆராய அமைக்கப்பட்ட தேசிய ஆணையத்திற்குப் பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநரும் குடியரசுக் கட்சிக்காரருமான ரேமண்ட் ஷேஃபர் தலைமை வகித்தார். சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு வைத்திருப்பவர்களைக் குற்றவாளிகளாக்க வேண்டாம் என்று 1972இல் அந்த ஆணையம் பரிந்துரைத்தது; அதிபர் நிக்சன் அதை ஏற்க மறுத்தார். ஆனாலும் 1973இல் ஓரிகன் மாநிலம் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதற்கான தண்டனையை அபராதமாகக் குறைத்தது. 1978க்குள் மிசிசிப்பி, நெப்ராஸ்கா உட்பட மேலும் பத்து மாநிலங்கள் தண்டனையைத் தளர்த்தின. கேலப்பின் கணக்குப்படி நான்கில் ஒருவர் மட்டுமே சட்டபூர்வமாக்கலை ஆதரித்த காலம் அது. கஞ்சா நல்லது என்று எண்ணியதால் அம்மாநிலங்கள் அவ்வாறு செய்யவில்லை. கல்லூரி மாணவன் ஒருவனைச் சிறைக்கு அனுப்புவது கஞ்சாவைவிடப் பெரிய கேடு என்று எண்ணியதால் செய்தன.

பிற்காலத்தில் இதே எண்ணத்திற்கு இனநீதி என்ற வலுவான அடித்தளம் அமைந்தது. அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2001 முதல் 2010 வரை கஞ்சா தொடர்பாக எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கைதுகள் நடந்தன. அவற்றில் 88 சதவீதம் வெறுமனே வைத்திருந்ததற்காக. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில் பயன்படுத்தியபோதும், கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.73 மடங்கு அதிகமாக இருந்தது. ஒரு முறை கைதானவர் வேலை, வாடகை வீடு, கல்விக்கடன் என்று ஒவ்வொன்றிலும் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த உண்மையை அறிந்த பின்பு ஒருவர் 'ஆம்' என்று கூறினால், அதைக் கஞ்சாவுக்கான பாராட்டாக எடுத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் அநீதி.

ஆற்றங்கரை:

மூவருக்கும் நன்றி. சமன்கோல் அவர்கள் கூறியதை வைத்து ஒரு துணைக்கேள்வி எழுகிறது. எழுபது சதவீதத்தினரின் ஆதரவு உண்மையானதாக இருந்தால், 2024 நவம்பரில் ஃபுளோரிடா, வட டகோட்டா, தென் டகோட்டா ஆகிய மூன்று மாநிலங்களிலும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது ஏன்?

நெய்தல்:

பொதுச் சுகாதாரம் படித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். சமன்கோல் அவர்கள் காட்டிய அநீதியை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த உரையாடலில் 'ஆதரவு' என்ற ஒன்றை எண்ணிக்கையாக மட்டும் வைத்துப் பேசுவது எனக்குக் கவலை அளிக்கிறது.

முதலில் ஃபுளோரிடாவைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அங்கே ஏறத்தாழ 56 சதவீதத்தினர் ஆதரித்து வாக்களித்தனர்; அரசியலமைப்பைத் திருத்த 60 சதவீதம் தேவை என்பதால்தான் அது தோற்றது. இரு டகோட்டாக்களில் பெரும்பான்மையே கிடைக்கவில்லை.

அடுத்தது, கேட்கப்படும் முறை. கேலப் ஆம், இல்லை என்ற இரண்டு வழிகளையே தருகிறது. பியூ ஆய்வு மையம் 2024 ஜனவரியில் மூன்று வழிகளைத் தந்தபோது, மருத்துவத்துக்கும் பொழுதுபோக்குக்கும் அனுமதிக்கலாம் என்றவர்கள் 57 சதவீதத்தினர், மருத்துவத்துக்கு மட்டும் என்றவர்கள் 32 சதவீதத்தினர், எதற்கும் கூடாது என்றவர்கள் 11 சதவீதத்தினர். நடுவில் நிற்கும் அந்த 32 சதவீதத்தினரை ஆம், இல்லை என்று மட்டும் கேட்டால் அவர்களில் ஒரு பகுதியினர் 'ஆம்' பக்கம் போய் நிற்பார்கள். கடைகளைத் திறக்கும் முன்மொழிவு வாக்குச்சீட்டில் வரும்போது அதே மனிதர்கள் 'இல்லை' என்று குத்துகிறார்கள். இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

மூன்றாவது, என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது: 1977இல் 'ஆம்' என்றவரும் இன்று 'ஆம்' என்பவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவை ஆய்ந்ததில், போதை தரும் டிஎச்சியின் அளவு 1995இல் சராசரியாக 4 சதவீதமாக இருந்து 2014இல் 12 சதவீதமாக உயர்ந்திருந்தது. கடைகளில் விற்கும் செறிவூட்டிய சாறுகளில் அது இன்னும் பல மடங்கு அதிகம். பயன்படுத்தும் முறையும் மாறிவிட்டது. தேசியக் கணக்கெடுப்புகளைக் கொண்டு ஆய்வாளர் ஜொனாதன் கோல்கின்ஸ் செய்து 2024இல் வெளியான ஆய்வின்படி, 2022இல் நாள்தோறும் அல்லது கிட்டத்தட்ட நாள்தோறும் கஞ்சா பயன்படுத்துவோர் சுமார் 1.77 கோடிப் பேர். அதே அளவுக்கு மது அருந்துவோர் 1.47 கோடிப் பேர். கஞ்சா மதுவை இவ்வாறு முந்தியது அதுவே முதல் முறை. வார இறுதியில் எப்போதாவது புகைப்பவரை மனத்தில் வைத்து உருவான மக்கள் கருத்து, நாள்தோறும் பயன்படுத்துவோரை வாடிக்கையாளர்களாகக் கொண்டு வளரும் ஒரு தொழிலுக்கு அனுமதிச்சீட்டாகிவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு.

மக்களும் இதை உணரத் தொடங்கியிருக்கிறார்கள். 2024இல் கேலப் கேட்டபோது, கஞ்சா சமூகத்தில் தீய விளைவை ஏற்படுத்துகிறது என்றவர்கள் பாதியைத் தாண்டினர். அதே ஆண்டில் சட்டபூர்வமாக்கலுக்கு 68 சதவீத ஆதரவும் இருந்தது. 2025இல் அது 64ஆகக் குறைந்தது. தீங்கு என்று அறிந்தும் தண்டனை வேண்டாம் என்று நினைப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களின் குரலைக் கஞ்சா நிறுவனங்கள் தங்களுக்கான ஆதரவாகக் காட்டிக்கொள்வதை நாம் அனுமதிக்கக் கூடாது.

சமன்கோல்:

நெய்தல் அவர்கள் கூறியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். செறிவுக்கு வரம்பு, விளம்பரத்துக்குத் தடை, வயதுக் கட்டுப்பாடு ஆகிய எதுவும் கள்ளச்சந்தையில் சாத்தியமில்லை. சட்டபூர்வமான சந்தையில்தான் அவற்றை விதிக்கவே முடியும். கொலராடோவும் வாஷிங்டனும் 2012இல் வாக்களித்தபோது மக்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி ஒழுங்குமுறைதான். அதைச் சரிவர நிறைவேற்றாத சட்டமன்றங்களைக் கண்டிப்போம். மறுபடியும் கைதுகளுக்குத் திரும்ப வேண்டாம்.

புள்ளியியல் மாணவி:

ஆற்றங்கரை அவர்களுக்கு ஒரு நடைமுறை ஆலோசனை. சிகாகோவிலிருந்து நடத்தப்படும் பொதுச் சமூகக் கணக்கெடுப்பு 1973 முதல் கஞ்சா பற்றிய கேள்வியைக் கேட்டுவருகிறது. அதன் தரவுகள் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறந்த ஆண்டு, கணக்கெடுத்த ஆண்டு ஆகிய இரண்டின்படியும் பிரித்து வரைந்தால், நான் மேலே கூறிய இறக்கமும் ஏற்றமும் கண்முன் தெரியும். வசிக்கும் பகுதியின்படியும் அதைப் பிரிக்கலாம். மருத்துவக் கஞ்சாவை முதலில் ஏற்ற பசிபிக் கரையோர மாநிலங்களில் 1996க்குப் பின் ஆதரவு ஏனைய பகுதிகளைவிட வேகமாக உயர்ந்ததா என்று பார்த்தால், மருதம் அவர்கள் முன்வைத்த காரணத்தின் வலிமையை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். எல்லாப் பகுதிகளிலும் ஒரே வேகத்தில் உயர்ந்திருந்தால், அந்தக் காரணத்தோடு வேறொன்றையும் நாம் தேட வேண்டியிருக்கும். வரைந்து முடித்ததும் படத்தை இங்கே பகிர்ந்தால் சேர்ந்து பார்க்கலாம்.