லைட்டர் சாக்கெட்டில் நான்கு கருவிகள்: 15 ஆம்ப் ஃபியூஸுக்குப் பதில் 20 போடலாமா?

தூரப்பயணி:
காரில் ஒரே ஒரு 12 வோல்ட் லைட்டர் சாக்கெட், ஃபியூஸ் 15 ஆம்ப். அதில் மூன்று வழி ஸ்பிளிட்டர் போட்டு, 60 வாட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், 100 வாட் லேப்டாப் சார்ஜர், இரண்டு போன்கள் (தலா 18 வாட்), டாஷ்கேம் எல்லாம் ஓடுகின்றன. கால் மணி நேரத்தில் பிளக் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. இரண்டு முறை ஃபியூஸ் போய்விட்டது. 20 ஆம்ப் போட்டால் தீருமா? டயருக்குக் காற்றடிக்கும் பம்ப்பும் (12 ஆம்ப்) இதே சாக்கெட்டில்தான்.

ஓம்_விதி:
போடாதீங்க. ஃபியூஸ் உங்கள் கருவியைக் காப்பாற்ற இல்லை, ஒயரைக் காப்பாற்ற இருக்கிறது. கம்பெனி 15 போட்டிருந்தால் பின்னால் ஓடும் ஒயரும் சாக்கெட்டும் அந்த அளவுக்குத்தான். 20 போட்டால் ஃபியூஸ் போவதற்கு முன் ஒயரின் தோல் உருகத் தொடங்கலாம், அதுவும் டாஷ்போர்டுக்குள், கண்ணுக்குத் தெரியாமல்.

கணக்கு: ஃபிரிட்ஜ் 5 ஆம்ப். லேப்டாப் சார்ஜர் வெளியே தருவது 100 வாட் என்றால் உள்ளே இழுப்பது சுமார் 110, அதாவது 9 ஆம்புக்குக் கொஞ்சம் மேல். போன்கள் இரண்டும் 3.3, டாஷ்கேம் 0.4. மொத்தம் 18. பம்ப் ஓடினால் 30.

ஃபியூஸை விட எனக்குக் கவலை அந்தச் சூடுதான். லைட்டர் சாக்கெட்டில் பிளக்கைப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங் மட்டும். தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே 10 ஆம்புக்கு 10 வாட் சூடு, அந்தச் சின்ன முனையில். 10 ஆம்ப் தானே என்று ஃபியூஸ் சும்மா இருக்கும், பிளாஸ்டிக் உருகும். இந்த வகைச் சூட்டை எந்த ஃபியூஸும் பிடிக்காது. ஸ்பிளிட்டர் போட்டால் இப்படித் தொடும் இடங்கள் இரட்டிப்பாகின்றன.

கிரிம்ப்_டூல்:
மேலே சொன்னது சரி. தீர்வு: பேட்டரியிலிருந்து தனி லைன்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து 20 செ.மீ.க்குள் 30 ஆம்ப் ஃபியூஸ். தொடர்ந்து ஓடும் சுமை ஃபியூஸ் அளவில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது, 18க்கு 30 தாராளம். அங்கிருந்து 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஒயர், 40 ஆம்ப் ரிலேயின் (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) 30 என்று எண் போட்ட காலுக்கு. 87ஆம் காலிலிருந்து கேபினுக்குள் ஆறு வழி பிளேடு ஃபியூஸ் பாக்ஸ். 85 எர்த். 86, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஏதாவது ஒரு லைனில். ரிலே காயில் இழுப்பது 0.2 ஆம்புக்குள்தான், அந்த லைனுக்குப் பாரமில்லை. ரிலேக்குள் டையோடு இருந்தால் 85, 86 மாறக் கூடாது.

ஃபியூஸ் பாக்ஸில்: ஃபிரிட்ஜுக்கு 10, லேப்டாப் சாக்கெட்டுக்கு 15, போன்களுக்கு 5, டாஷ்கேமுக்கு 3. பாக்ஸிலிருந்து ஃபிரிட்ஜுக்கும் லேப்டாப்புக்கும் 2.5 ஸ்கொயர், மற்றவைக்கு 1 ஸ்கொயர் போதும்.

மெயின் லைனுக்கு 2.5 போட்டு மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்பார்கள். நான்கு மீட்டர் ஒயரில் 18 ஆம்ப் ஓடினால் 2.5 ஸ்கொயரில் 0.5 வோல்ட் விழும். 6 ஸ்கொயரில் 0.2தான். ஃபிரிட்ஜ் தன் பிளக்கில் வரும் வோல்ட்டேஜைப் பார்த்துத்தான் கட் ஆகும். பேட்டரி நன்றாக இருக்கும்போதே ஃபிரிட்ஜ் அணைகிறது என்ற பல புகார்களுக்குக் காரணம் இதுதான். ஒயர் வாங்கும்போது முனையைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம், அதே தடிமனில் செம்பு அளவுக்கு ஆம்ப் தாங்காது. (வெள்ளீயம் பூசிய செம்பும் வெளியே வெள்ளைதான், சுரண்டினால் சிவப்பு தெரியும்.)

எர்த்தை பேட்டரி நெகட்டிவ் முனையில் கட்டாதீர்கள். அங்கே பேட்டரி சென்சார் உள்ள வண்டிகளில் நீங்கள் இழுக்கும் கரண்ட் கணக்கில் வராமல் போகும். பாடியில், பெயிண்ட் சுரண்டிய போல்ட்டில், லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து இறுக்குங்கள். இணைப்புகளைச் சால்டர் வைப்பதை விட கிரிம்ப் செய்வது (கருவியால் நசுக்கி இறுக்குவது) நல்லது. அதிர்வில் சால்டர் நின்ற இடத்துக்கு அடுத்தே ஒயர் முறியும். ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் ஒயரை நுழைக்கவே கூடாது. வேலை தொடங்கும்போது முதலில் கழற்றுவது நெகட்டிவ், கடைசியில் மாட்டுவதும் அதுவே.

பம்ப்பை இந்தப் பாக்ஸில் சேர்க்காதீர்கள். அலிகேட்டர் கிளிப் உள்ள பம்ப்பாக இருந்தால் நேரே பேட்டரியில், எஞ்சின் ஓடும்போது.

தூரப்பயணி:
டாஷ்கேமுக்கு மட்டும் ஃபியூஸ் டேப் (வண்டியின் ஃபியூஸ் இடத்தில் சொருகி இன்னொரு லைன் எடுக்கும் அடாப்டர்) போதாதா? பார்க்கிங் மோடும் (வண்டி நிற்கும்போதும் பதிவு செய்வது) வேண்டும்.

ஓம்_விதி:
டாஷ்கேமுக்குப் போதும், ஃபிரிட்ஜுக்கு வேண்டாம். பார்க்கிங் மோட் வேண்டுமென்றால் ரிலேக்குப் பின்னால் இருக்கும் பாக்ஸ் உதவாது, எப்போதும் உயிருள்ள லைன் வேண்டும். அதனால் மேலே சொன்ன 3 ஆம்ப் வழியை விட்டுவிடலாம்.

ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்களைத் தொடாதீர்கள். டேப்பைத் திருப்பி மாட்டினால் புதுக் கருவியின் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியே போகும். சரிபார்க்கும் வழி எளிது: டேப்பிலிருந்து பழைய ஃபியூஸை மட்டும் எடுங்கள். டாஷ்கேம் ஓடினால் சரி. அணைந்தால் டேப்பைத் திருப்புங்கள்.

பார்க்கிங் மோடில் 250 மில்லி ஆம்ப் என்றால் நாளைக்கு 6 ஆம்ப் அவர். 45 ஆம்ப் அவர் பேட்டரியில் மூன்று நாள் நிறுத்தினால் 40 சதவீதம் காலி. லோ வோல்ட்டேஜ் கட்-ஆஃப் உள்ள கிட் வாங்கி 12.2 வோல்ட்டில் வையுங்கள், அங்கேயே ஏறக்குறைய பாதி தீர்ந்திருக்கும்.

ஏ-பில்லரில் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்) ஒயர் இழுக்கும்போது கர்ட்டன் ஏர்பேக்குக்குப் (ஜன்னல் பக்கம் விரியும் காற்றுப்பை) பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல.

கிரிம்ப்_டூல்:
எல்லாம் மாட்டியபின் எஞ்சினை ஓடவிட்டு, பம்ப் தவிர அத்தனையையும் 20 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு மெயின் ஃபியூஸ் ஹோல்டர், ரிலே கால்கள், எர்த் லக் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் அந்தக் கிரிம்ப்பை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மல்டிமீட்டரில் பேட்டரியிலும் ஃபிரிட்ஜ் பிளக்கிலும் அளந்தால் வித்தியாசம் 0.5 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும்.