யாத்தாகராசுவுக்கு மூன்றாவது கால் எப்போது முளைத்தது?

மலைப்பாதை:
போன மாதம் ஜப்பானின் வகயாமாவில் குமானோ ஹோங்கூ கோயிலுக்குப் போனேன். கொடி, தாயத்து, வாசலிலுள்ள கறுப்புத் தபால் பெட்டி, எல்லாவற்றிலும் யாத்தாகராசு என்ற மூன்று கால் காகம். புராணப்படி ஜப்பானின் முதல் மன்னரான ஜிம்முவின் படைக்கு மலைக்காட்டில் வழிகாட்டிய பறவை. திரும்பி வந்து பழைய புராண வரலாற்று நூலான கொஜிக்கியைப் (712) படித்தேன். கால்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எதையாவது தவறவிட்டேனா?

கிழக்குவாசல்:
இல்லை. அடுத்து வந்த வரலாற்று நூலான நிஹோன் ஷோக்கியிலும் (720) கிடையாது. சூரியனுக்குள் மூன்று கால் காகம் இருப்பது சீனக் கதை. 10ஆம் நூற்றாண்டு அகராதியான வாமியோ ருய்ஜுஷோ அந்தக் காகத்தையும் யாத்தாகராசுவையும் ஒரே பதிவில் சேர்த்தது. ஜப்பான் கால்பந்துச் சங்கம் 1931இல் சின்னமாக எடுத்தபோது மூன்று காலும் நிலைத்துவிட்டன.

பழஞ்சுவடி:
கால் இருக்கட்டும், நிஹோன் ஷோக்கியில் அந்தக் காகம் படும் பாட்டைப் படியுங்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு கனத்துவிடும். படை வழி தெரியாமல் திணறுகிறது. சூரியதேவி அமத்தெராசு ஜிம்முவின் கனவில் சொன்னபடியே காகம் வானிலிருந்து இறங்குகிறது. ஒரு தளபதி அதை அண்ணாந்து பார்த்தபடியே காட்டை வெட்டி முன்னேறுகிறார். மிச்சினோ ஓமி, அதாவது ‘வழியின் அமைச்சர்’, என்ற பட்டம் அவருக்கு அதனால்தான் கிடைத்தது.

பிறகு காகத்தையே தூது அனுப்புகிறார்கள். எதிரித் தலைவர்களான அண்ணன் தம்பி இருவரில் அண்ணன் எஷிக்கியின் இடத்தில் போய், வானக் கடவுளின் பிள்ளை உன்னை அழைக்கிறார், “இஸாவா, இஸாவா” என்று கூவுகிறது. வா வா என்று அர்த்தம். அவன் எரிச்சலில் வில்லை வளைத்து எய்கிறான். காகம் தப்பிப் பறந்து, பயப்படாமல் தம்பியின் வீட்டுக்குப் போய் அதையே கூவுகிறது! தம்பி நடுங்கிப்போய், எட்டுத் தையல் இலை தைத்து, சோறு படைத்து உபசரிக்கிறான். அம்புக்குத் தப்பிய கையோடு அடுத்த வாசலில் போய் நிற்கிறதே, அதற்காகவே எனக்கு அந்தக் காகத்தைப் பிடிக்கும்.

மலைப்பாதை:
எட்டு இலையா! அந்த நூலை இன்றே எடுக்கிறேன். போர் முடிந்தபின் காகம் என்ன ஆனது?

பழஞ்சுவடி:
ஜிம்மு பரிசு கொடுத்தவர்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. கதோனோ பகுதித் தலைவர்கள் அதன் வம்சத்தார் என்றும் எழுதியிருக்கிறது. கதோனோ இன்றைய கியோத்தோ பக்கம்.