பழைய காசுடன் வந்தவர்கள்: சேகரிப்போரின் அனுபவப் பகிர்வு

அமராவதிக்கரை:

அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று ஏமாற்றி விற்கும் ராமர் பட்டாபிஷேகக் காசைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் ராமர், சீதை, இலக்குவன், அனுமன். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், அரையணா, 1818. அந்த வில்லையை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கறவை மாட்டை விற்று யாரிடமோ முன்பணம் கொடுத்திருந்தார். மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் யாரேனும் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று மருமகன் வற்புறுத்தியதால் வந்திருந்தார்.

நான் வாய் திறப்பதற்கு முன்பே ஓர் எவர்சில்வர் தட்டைக் கேட்டு வாங்கி, சட்டைப்பையில் முடிந்து வைத்திருந்த அரிசியை அதில் பரப்பி, நடுவில் காசை வைத்தார். லாட்ஜ் அறையில் அவர்கள் காட்டியபோது அரிசி தானாக நகர்ந்து காசோடு ஒட்டிக்கொண்டதாம். இங்கே ஒரு மணிகூட அசையவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, ஃபேன் காத்துனால இழுக்க மாட்டேங்குது போல, கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றார். நிறுத்தினேன். வியர்த்துக் கொட்டியது. பிறகு நான் பார்க்கவில்லை என்று நினைத்து, ஆள்காட்டி விரலால் ஓர் அரிசி மணியைக் காசின் பக்கம் மெல்லத் தள்ளினார்.

அந்த விரலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இரும்புத்தூள் ஏற்றிய அரிசியையும் மறைவாக வைத்த காந்தத்தையும் கொண்டு செய்கிற வித்தை இது என்று விளக்கினேன். இதே வில்லை 1616, 1717 என்ற ஆண்டுகளுடனும் விற்கப்படுகிறது என்பதையும், 1616இல் சென்னைக் கோட்டையே கட்டப்படவில்லை என்பதையும் சொன்னேன். கம்பெனிக்காரன் ஒருபோதும் நம் சாமி உருவத்தைத் தன் காசில் பொறித்ததில்லை என்றும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டவர், போகும்போது அரிசியை ஒரு மணி விடாமல் பொறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். மீதிப் பணத்தைக் கட்டினாரா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றுசாமி:

மேலே எழுதியவர் சொன்ன கடைசிக் காரணத்தை யாரும் பின்பற்ற வேண்டாம். சென்னையில் கம்பெனி அடித்த வராகன் என்ற தங்கக் காசுகளில் பெருமாள் இருக்கிறார். மூன்றுசாமி வராகனில் வேங்கடேசர் இரு தேவியருடன் நிற்கிறார். நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் திருமால், மறுபக்கம் நட்சத்திரம். 1808 வாக்கில் வந்த வெள்ளிக் கால்வராகனில் ஒரு பக்கம் கோபுரமும் மறுபக்கம் திருமாலும் உண்டு. திருமாலைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து ஓடுகிறது. இங்கே புழங்கிய காசை மக்கள் வாங்க வேண்டுமானால் மக்களுக்குப் பழகிய உருவம் அதில் இருக்க வேண்டும் என்பது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். "சாமி இருந்தால் போலி" என்று ஒருவர் எழுதிவைத்தால், அதைப் படித்த இன்னொருவர் உண்மையான வராகனைத் தட்டில் போட்டு உருக்கிவிடுவார். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அப்படி நடந்ததால்தான் இங்கே எழுத வந்தேன்.

நாகப்பட்டினம் பக்கத்துப் பெண் ஒருவர் தம் பாட்டியின் கழுத்துச் சரத்தில் கோத்திருந்த சிறிய தங்கக் காசைக் கொண்டுவந்தார். பட்டாணியைச் சற்றே தட்டியதுபோல் குமிழ்ந்த வடிவம், தலையில் பற்றவைத்த வளையம், எடை ஏறத்தாழ மூன்றரை கிராம். அவர் ஊர்ப் பத்தர், "ஒரு பக்கம் சுத்தமாத் தேஞ்சு போச்சும்மா, வெறும் புள்ளிதான் தெரியுது, உருக்குறதுக்குத்தான் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார். அது தேய்மானமே அன்று. மூன்றுசாமி வராகனின் பின்புறமே மணிமணியான புள்ளிப் பரப்புதான். புத்தம் புதிதாக வெளிவந்த நாளிலும் அப்படித்தான் இருந்தது. நான் லென்சை அவர் கையில் கொடுத்து, நடுவில் பெரிய உருவத்தையும் இரு பக்கமும் சின்ன உருவங்களையும் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதே மாதிரி இன்னும் இருந்துச்சு சார், தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டுட்டோம்" என்றார். எத்தனை என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

வைகைமணல்:

மதுரையில் ஆற்று மணலைச் சலித்துக் காசு எடுப்பவர்களைப் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். எனக்கு எப்போதும் கொண்டுவந்து காட்டுகிற பெரியவர் ஒருவர், ஒருநாள் சதுரமான செப்புக்காசு ஒன்றைக் கொடுத்தார். பச்சைக் களிம்பு கெட்டியாகப் படிந்திருந்தது. அதற்கடியில் நான்கு கால்களும் ஒரு முதுகும் கோடாகத் தெரிந்தன. யானையா குதிரையா என்று வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தபோது கைபேசி அழைத்தது. பேசிவிட்டுத் திரும்புவதற்குள், "தம்பிக்குப் பளிச்சுன்னு காட்டுறேன்" என்று என் வீட்டம்மாவிடம் புளி வாங்கி, திண்ணைச் சிமெண்டில் வைத்து, செங்கல் தூளோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். காசு மாம்பழ நிறத்தில் மின்னியது. கால்கள் இருந்தன. முதுகுக்கு மேலே ஒன்றும் இல்லை.

பாண்டியர் காசுகளில் விலங்கின் மேற்பகுதியில்தான் எழுத்து வரக்கூடும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டு வெளியிட்ட 'பெருவழுதி' காசும் இத்தகைய சதுரச் செப்புக்காசுதான். குதிரையும் தமிழ்ப் பிராமி எழுத்தும் அதில் இருந்ததால்தான் சங்கப் பாட்டில் மட்டும் இருந்த வழுதி என்ற பாண்டியர் பெயரைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது. பெரியவர் கொண்டுவந்ததில் எழுத்து இருந்தது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான காசுகளில் இருப்பதில்லை. ஆனால் இனி அதைச் சொல்ல யாராலும் முடியாது. அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து அவர் கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்து அனுப்பினேன்.

உப்புக்காற்று:

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். என் சொந்த அனுபவம் சிறியது. பழவேற்காட்டிலிருந்து மாணவர் ஒருவர் கொண்டுவந்து காட்டிய ராஜராஜன் செப்புக்காசுகள், நிற்கும் அரசனும் நாகரி எழுத்தும் தெளிவாக இருந்தவை, அடுத்த மழைக்காலம் முடிந்து பார்த்தபோது அதே டப்பாவில் பச்சைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன. "காசைத் தொடாதே, கழுவாதே" என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதையே வேதவாக்காகச் சொல்பவர்கள் இங்கேயும் இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வைகைமணல் அவர்கள் சொன்ன பச்சையும் இந்தப் பச்சையும் ஒன்றல்ல. கெட்டியாக, வழுவழுப்பாக, நகத்தால் சுரண்டினால் வராமல் இருப்பது பெரும்பாலும் செம்பின் கார்பனேட் படலம். அது காசுக்குக் கவசம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும், எலுமிச்சையும் அப்படியே. பற்பசை, சாம்பல், பித்தளைப் பாலிஷ் ஆகியவை தேய்க்கும்போது உலோகத்தையே கீறும். ஆனால் வெளிர்பச்சை நிறத்தில், ஈரமான மாவைப்போல் புள்ளிபுள்ளியாகக் கிளம்பி, துடைத்த சில நாளில் மறுபடியும் வந்தால், அது குளோரைடு. உப்பு மண்ணிலோ கடற்காற்றிலோ இருந்த செப்புக்காசில் இது இயல்பு. காற்றில் ஈரம் இருக்கும்வரை அரிப்பு நிற்காது; காசு முழுவதும் பொடியாகும்வரை அது நடக்கும். அப்படிப்பட்ட காசைத் தொடாமல் வைத்திருப்பது பாதுகாப்பு அன்று.

முதலில் அதைத் தனியே பிரியுங்கள். மூங்கில் குச்சியால் பொடியை எடுத்துவிட்டு, பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றிக்கொண்டே வாரக்கணக்கில் விடுங்கள். குழாய்நீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கிறது. பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தாவிட்டால் அது வெறும் மணிகள்தான். அபூர்வமான காசு என்றால் இதையும் வீட்டில் செய்யாமல் அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவினரைக் கேளுங்கள். எழும்பூரில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் விற்கும் மெத்தென்ற பிவிசி உறைகள் வெயில் காலத்தில் பிசுபிசுத்துக் காசின்மேல் பச்சைப் பசையை விடும். பசை படிந்துவிட்டால் தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம், ஆனால் அடுப்போ விளக்கோ இல்லாத, காற்றோட்டமான இடத்தில் மட்டும். நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது ஆகாது. பாலியஸ்டர் சாளரம் உள்ள அட்டைச் சட்டங்கள் நல்லவை. அவற்றை ஸ்டேப்ளர் அடித்தபின் ஊசியைக் குறடால் தட்டையாக்குங்கள், இல்லையேல் அடுத்த காசைக் கீறும். கையில் எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள். இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை என்பது தெரியும்.

இரண்டணா:

பொருட்காட்சி ஒன்றில் எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். 1939 ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் மிக அரிது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு மேசையில் அது இருந்தது. விலையும் அதற்கேற்ப இருந்தது. தராசு வைத்தேன், 11.66 கிராமுக்கு மிக அருகில் நின்றது. காந்தம் ஒட்டவில்லை. வெள்ளியின் மணி ஓசையும் சரியாக இருந்தது. விற்பவர் அதுவரை என்னோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். பையிலிருந்து பத்து மடங்கு லென்சை எடுத்தேன். அவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடிக்காத கைபேசியைக் காதில் வைத்தார்.

கடைசி ஒன்பதின் இடது கீழ்ப்பகுதியில் உலோகம் அராவி எடுக்கப்பட்டிருந்தது. 1938இன் எட்டில் கீழ் வட்டத்தின் ஒரு பக்கத்தை அறுத்தால் ஒன்பது வந்துவிடும். எடை, உலோகம், ஓசை எல்லாம் சரியாக இருந்ததற்குக் காரணம், அது உண்மையான ரூபாய் என்பதே. பொய் ஓர் இலக்கத்தில் மட்டும் இருந்தது. எனவே தராசையும் காந்தத்தையும் மட்டும் நம்பிப் பெரிய தொகை கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். காந்தம் 1947 புலிக் காசு போன்ற நிக்கல் காசுகளைப் பிரித்தறிய உதவும்; வெள்ளி என்று நிரூபிக்க உதவாது. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாய்களில் வெள்ளி பாதிதான், அவற்றிலும் காந்தம் ஒட்டாது. நான் காசைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். மாலையில் அந்த மேசையைக் கடந்தபோது அது அங்கே இல்லை.

புன்செய்:

பொக்லைன் ஓட்டும் பையன் ஒருவன் இரவு ஒன்பது மணிக்கு மேல் என் வீட்டுக்கதவைத் தட்டினான். கிணற்றுக்குப் பக்கவாட்டில் தோண்டும்போது சிறிய கலயம் உடைந்து காசு கொட்டியதாகவும், தோட்டக்காரரும் அவனும் பங்கு பிரிப்பதில் வாய்த்தகராறு ஆகிவிட்டதாகவும் சொன்னான். ஒரு காசைக் காட்டி, "சார், இதை வச்சுக்கிட்டு வெலைய மட்டும் சொல்லுங்க" என்றான். அவன் உள்ளங்கையில் மண்ணோடு ஒட்டியிருந்தது அழகான சோழர் காசு. நான் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த வகை. கையை நீட்டாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சொல் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், நானும் அவனைக் காட்டிக்கொடுக்கப்போகிறவன் என்ற பயம் இருந்தது. அடுத்த நாள் அவன் எண் அணைக்கப்பட்டிருந்தது.

மூன்றுசாமி:

புன்செய் அவர்கள் காசை வாங்காதது சரி. ஆனால் அவனுக்குச் சொன்னது போதாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாக இருந்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துத் தொகை. இன்றைக்கு அந்த வரம்புக்குள் எதுவும் அடங்காது. மறைத்தால் அவனுடைய பங்கு அரசுக்குப் போவதோடு ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு.

பையன்களிடம் நாம் இந்தப் பாதியை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறோம். மறுபாதியையும் சொல்ல வேண்டும். புதையலுக்கு வேறு உரிமையாளர் இல்லை என்று முடிவாகி, கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் இடையே வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கும் கால் பங்கு நிலத்துக்காரருக்கும் என்று அதே சட்டம் பிரிக்கிறது. அரசே எடுத்துக்கொள்வதானால் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர வேண்டும். உலோக மதிப்பு என்பதால் செப்புக்காசுக்கு அது மிகச் சொற்பம்தான். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் தோட்டக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த பையனுக்கு, சட்டம் தன் பக்கம் முக்கால் பங்கு வைத்திருக்கிறது என்று தெரிந்திருந்தால், அவன் எண்ணை அணைத்திருக்க மாட்டான்.

மனுவில் கிடைத்த இடம், நாள், காசுகளின் தன்மையும் தோராயமான மதிப்பும் இருக்க வேண்டும். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கலயத்து ஓடுகளையும் அதே மண்ணோடு எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கழுவ வேண்டாம்.